தொப்பூர் ஏற்றத்தில் திணறும் கார்

கேள்வி:

நான் சேலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். என்னிடம் 2005 மாடல் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. 1,100 சிசி, எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின். இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து நான் ஒருவன்தான் ஓட்டுகிறேன். ஆயில், கூலன்ட் எல்லாம் தேதி தவறாமல் மாற்றிவிடுவேன்.

மகள் தருமபுரியில் இருக்கிறாள். மாதம் இரண்டு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடுவது வழக்கம். ஊருக்குள் ஓட்டும்போது வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடந்த ஏப்ரலில், தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது திடீரென்று குலுங்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. 70-ல் போன வண்டி 30-க்கு வந்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதிலேயே இருக்கிறது. எப்படியோ ஓரம் கட்டினேன். கட்டியதும் இன்ஜின் நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. 20 நிமிடம் மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

இதுவரை நான்கு முறை இப்படி ஆகிவிட்டது. எல்லாமே மதிய வெயிலில், தொப்பூரிலோ அதை நெருங்கும்போதோதான். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே சமத்தாக ஓடுகிறது. முதல் பட்டறையில் பிளக், பிளக் வயர், காயில், பேட்டரி, ஃபில்டர் எல்லாம் மாற்றி 11,000 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த மாதமே மறுபடி நின்றது. இரண்டாவது பட்டறையில் ஈ.சி.எம். என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விட்டது, 18,000 ஆகும் என்கிறார்கள். மூன்றாமவர் விற்றுவிடச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, எல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் வரும் வினை என்கிறார். போன சனிக்கிழமையும் வழக்கம்போல் 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு நல்லபடியாகத்தான் கிளம்பினேன். தொப்பூரில் காலை வாரிவிட்டது. என் மனைவி இனிமேல் பஸ்ஸில்தான் வருவேன் என்கிறார்.

ஈ.சி.எம். மாற்றுவதா, காரையே மாற்றுவதா?

– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பதில்:

வாத்தியார் சார், வணக்கம். இரண்டையுமே இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்னிடம் வருகிறவர்களில் பலர், "வண்டி இழுக்கல, என்னன்னு பாருங்க" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் எந்த இடம், எந்த கியர், எந்த நேரம், எத்தனை நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது என்று எழுதியிருக்கிறீர்கள். விடையில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. மீதிக் கால்வாசியைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனி கார் என்று நீங்கள் சொல்லவில்லை. பரவாயில்லை, இந்த வயதுள்ள எந்த பெட்ரோல் வண்டிக்கும் இது வரும்.

இதுவரை மூன்று பட்டறைக்காரர்கள் உங்களுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூடப் படி எழுதவில்லை. பரீட்சைத் தாளில் ஒரு பையன் வெறும் விடையை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் முழு மார்க் போட்டிருப்பீர்களா? காரிலும் படி எழுதித்தான் விடைக்கு வர வேண்டும்.

முதலில் உயிர்

தொப்பூர் கணவாய் விளையாட்டான இடம் இல்லை. சேலத்தை நோக்கி இறங்கும் பக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் நடந்த விபத்துகள் ஊரறிந்தவை. ஏறும் பக்கத்திலும், முன்னால் போகும் கார் திடீரென்று 30-க்கு வந்தால், சுமையோடு பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

இழுவை குறைவது தெரிந்த நொடியிலேயே நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஏறிவிடும் என்று நடுச்சாலையில் மல்லுக்கட்ட வேண்டாம். இன்ஜின் நின்றுபோனாலும், வண்டி உருண்டுகொண்டிருக்கும்வரை சாவியை லாக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். ஏற்றம் என்பதால் ஹேண்ட் பிரேக்கோடு முதல் கியரும் போட்டு, பின் சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல் சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

கோளாறு தீரும்வரை அம்மா பஸ்ஸிலேயே வரட்டும். இந்த விஷயத்தில் மூன்று பட்டறைகளைவிட அவர் சொன்னதுதான் சரி.

காற்று, பெட்ரோல், தீப்பொறி

பெட்ரோல் இன்ஜினுக்கு உள்ளே மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி. வெளியே ஒன்று போக வேண்டும்: எரிந்த புகை. ஓடும்போது சக்தி குறைந்தால் இந்த நான்கில் ஒன்று தடைபட்டிருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், இன்ஜின்மேல் வீண் பழி விழும் மூன்று சந்தர்ப்பங்களைத் தள்ளிவிடலாம். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. உங்களுக்கு இன்ஜினே அடங்கிப்போகிறது. பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் அந்தச் சக்கரம் தொட முடியாத அளவு சுடும், கருகிய வாடை வரும். ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் போகாது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருந்தால் டெம்பரேச்சர் முள் காட்டியிருக்கும். கூலன்ட் அளவை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரே இல்லாமல் போனால் சென்சார் ஆவியில் நிற்கும். முள் பொய் சொல்லும்.

இனி அந்த நான்கு. காற்று ஃபில்டர் அடைத்திருந்தால் காலையிலும் அடைப்புதான், மாலையிலும் அடைப்புதான். 20 நிமிட ஓய்வில் அது தெளியாது. சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்திருந்தாலும் அப்படியே: நாளுக்கு நாள் மோசமாகும், எல்லா மேட்டிலும் திணறும், ஓய்வெடுத்தால் சரியாகாது. மிச்சம் தீப்பொறியும் பெட்ரோலும். சூடானால் கெட்டு, ஆறினால் குணமாகும் பழக்கம் இந்த இரண்டு பக்கத்திலும்தான் உண்டு.

எப்படி நின்றது?

ஓடும் வண்டி இரண்டு விதமாகச் சாகும். ஒன்று, வீட்டில் கரண்ட் போவதுபோல ஒரே நொடியில். இன்னொன்று, தாகத்தில் தவிப்பதுபோல குலுங்கி, இழுத்து, மறுபடி கொஞ்சம் எழுந்து, கடைசியில் அடங்குவது.

முதல் வகையில் நான் சந்தேகப்படும் ஆள் கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறதா, எந்த இடத்தில் சுற்றுகிறது என்று ஈ.சி.எம்.-க்குச் சொல்வது அதுதான். சூட்டில் அதன் உள்ளே இருக்கும் சுருள் விட்டுப்போனால், இன்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து ஈ.சி.எம். தீப்பொறியையும் பெட்ரோலையும் சேர்த்தே நிறுத்திவிடும். உங்கள் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால், வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே அந்த முள் பொத்தென்று 0-க்கு விழும். அது நல்ல அடையாளம்.

உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை. 70-லிருந்து 30 வரை போராடியிருக்கிறது. மிதிக்க மிதிக்கக் குறைந்திருக்கிறது. மிதித்தால் அதிகம் கேட்கிறோம். கேட்டது வரவில்லை என்று அர்த்தம். காயிலும் சூட்டில் இப்படித் தகராறு செய்யும், ஆனால் அதைப் புதிதாக மாற்றிய பிறகும் வண்டி நின்றிருக்கிறது. ஆக, அந்த 11,000 முழுக்க வீண் இல்லை. விலை கூடுதல்தான் என்றாலும், தீப்பொறிப் பக்கத்தின் பெரும்பகுதியை அது குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி. ஃபில்டர் மாற்றினார்கள் என்கிறீர்களே, எந்த ஃபில்டர்? பில்லை எடுத்துப் பாருங்கள். ஏர் ஃபில்டராகத்தான் இருக்கும். பெட்ரோல் ஃபில்டரை யாராவது தொட்டார்களா?

அந்த 500 ரூபாய்

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: வழக்கம்போல் 500 ரூபாய்க்குப் பெட்ரோல். என் கண் அங்கேதான் நின்றது.

500 ரூபாய்க்கு வருவது 5 லிட்டர் அளவில்தான். உங்கள் வண்டியில் ஃபியூயல் பம்ப் டேங்குக்கு உள்ளே இருக்கிறது. சிறிய மின்மோட்டார், பெட்ரோலுக்குள் மூழ்கியபடியே ஓடும். பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி, அதுவேதான் மசகு. 5 லிட்டர் அதற்குக் கால் நனைக்கத்தான் காணும், குளிக்கக் காணாது.

அதோடு இன்னொன்று. உங்கள் கார் வந்த காலத்து வண்டிகள் பலவற்றில், இன்ஜின் குடித்தது போக மிச்சப் பெட்ரோல் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டுதான் வரும். டேங்க் நிறைய இருந்தால் அந்தச் சூடு கரைந்துபோகும். 5 லிட்டரே இருந்தால், சேலத்திலிருந்து தொப்பூர் போவதற்குள் அதே பெட்ரோல் பலமுறை சுற்றி வந்து சுடத் தொடங்கிவிடும். மேலே வெயில், கீழே சாலைச் சூடு. கடைசியில் ஏற்றம்: வண்டி மூக்கைத் தூக்கியதும் இருக்கிற கொஞ்சப் பெட்ரோலும் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் இன்ஜின் மிக அதிகமாகப் பெட்ரோல் கேட்கிறது.

20 வயதுப் பம்புக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பெட்ரோல் ஃபில்டர் பல வருடமாக மாற்றப்படாமல் அடைத்திருந்தால், அதைத் தாண்டித் தள்ளுவதற்காகப் பம்ப் கூடுதல் கரண்ட் இழுத்து மேலும் சூடாகும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது கொஞ்சப் பெட்ரோலே போதும் என்பதால் ஒன்றும் தெரியாது. பட்டறையில் நிறுத்திவைத்து ரேஸ் செய்தாலும் தெரியாது. தொப்பூர் ஏற்றத்தில்தான் சாயம் வெளுக்கும். 20 நிமிடத்தில் மோட்டார் ஆறிவிடும், மறுபடி ஓடும்.

மதியம், ஏற்றம், குறைந்த பெட்ரோல், குலுங்கி நிற்பது, ஆறினால் எழுவது. இந்த ஐந்தையும் சேர்த்து விளக்கக்கூடியது ஃபியூயல் பம்பும் அதைச் சேர்ந்த ஃபில்டரும் வயரிங்கும்தான். இது என் சந்தேகம். இன்னும் தீர்ப்பு இல்லை.

நான் தோற்ற கதை

சந்தேகத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நான் அவமானப்பட்டதும் உண்டு. கார்புரேட்டர் காலம். ஏற்காட்டுக்கு வாடகை ஓட்டும் ஒரு டாக்சி. அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறியதும் வண்டி நின்றுவிடும். 10 நிமிடம் கழித்துத் தானாக ஓடும். அப்போதைய வண்டிகளில் பம்ப் இன்ஜின்மேலேயே உட்கார்ந்து பெட்ரோலை உறிஞ்சும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். வேப்பர் லாக் என்போம். டிரைவர்கள் பம்ப்மேல் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு மலையேறிய காலம் அது. நானும் ஈரத்துணி சுற்றினேன். நின்றது. பம்ப் மாற்றினேன். நின்றது. கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினேன், பாயிண்ட் மாற்றினேன். மறுபடியும் நின்றது.

கடைசியில் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது, உள்ளேயிருந்து உள்ளங்கை அளவு பாலித்தீன் துண்டு விழுந்தது. கேன் மூடி ஒழுகாமல் இருக்க வைத்துத் திருகும் அதே பாலித்தீன். வண்டி ஓட ஓட அது குழாய் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். நின்றதும் உறிஞ்சல் நின்று, உதிர்ந்து மிதக்கும். "கடைசியாக் கேன்ல பெட்ரோல் ஊத்தினீங்களாண்ணே?" என்று டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவருக்கு ஒரு மாத வாடகை மிஞ்சியிருக்கும்.

அன்றிலிருந்து ஸ்பேனரை எடுக்கும் முன் கேள்வி கேட்கப் பழகினேன்.

படிகள்: செலவில்லாததிலிருந்து செலவுள்ளது வரை

*1. டேங்கை நிரப்பி அதே வழியில் போய்ப் பாருங்கள்.* அதே மதியம், அதே சாலை, அதே வேகம். கணக்கில் சொன்னால், ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். தனியாகப் போக வேண்டாம். மெக்கானிக் பின்னால் வேறு வண்டியில் வரட்டும். நிறைந்த டேங்கோடு பிரச்சினையில்லாமல் ஏறிவிட்டால் பம்ப்மேல் சந்தேகம் பல மடங்கு பலமாகிறது. ஆனால் அது குணமல்ல. அதோடு விட்டுவிட்டால் இன்னொரு நாள் நிறைந்த டேங்கோடும் நிற்கும்.

*2. நின்றவுடன் பெட்ரோல் மூடியைத் திறங்கள்.* உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் பலமாகக் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால், டேங்குக்குக் காற்று வரும் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. மூடியும் வென்ட் குழாயும் சரிசெய்தால் போதும். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

*3. காதால் கேளுங்கள்.* செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினால், பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அதுதான் பம்ப். வீட்டில் நல்லபடியாக இருக்கும்போதே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தொப்பூரில் நின்றதும் அந்தச் சத்தம் இல்லையென்றால், பம்புக்குக் கரண்ட் வரவில்லை அல்லது பம்ப் ஓடவில்லை. ஃபியூஸைப் பாருங்கள். பம்ப் ரிலே மாதிரியே இன்னொரு ரிலே பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கூட வந்தவர் டேங்கின் அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டும்போது பம்ப் உயிர் பெற்றால், பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அதுவே வாக்குமூலம் கொடுத்துவிட்டது.

*4. பெட்ரோல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.* இதுவரை யாரும் செய்யாதது, முதலில் செய்திருக்க வேண்டியது இதுதான். இந்த வகை வண்டிகளில் அழுத்தம் பெரும்பாலும் 3 பார் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு. உங்கள் மாடலுக்கு உரிய சரியான எண் கம்பெனி மேனுவலில் இருக்கும். பட்டறையில் நிற்கும்போது அளந்தால் போதாது. நீளமான ஹோஸ் உள்ள கேஜை மாட்டி, மீட்டரை முன் கண்ணாடிக்கு வெளியே வைப்பரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். மீட்டரைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது. ஒரு சொட்டு ஒழுகினாலும் ஆபத்து. திணறும் நேரத்தில் முள் இறங்கினால் வழக்கு முடிந்தது. முள் அசையாமல் நின்று வண்டி மட்டும் திணறினால் பம்ப் நிரபராதி.

*5. அழுத்தம் குறைந்தால் பம்பின் கப்ளரில் வோல்ட் பாருங்கள்.* இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் இருக்கும். பம்புக்கு அதைவிட அரை வோல்ட் குறைந்து வந்தால் பரவாயில்லை. 12-க்குக் கீழே போனால் குற்றம் பம்பில் இல்லை. கருகிய ரிலே, துருப்பிடித்த எர்த், தளர்ந்த கப்ளர் இவற்றில் ஒன்று. இதைப் பார்க்காமல் புதுப் பம்ப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

*6. அழுத்தம் சரியாக இருந்தால் கிராங்க் சென்சார்.* நின்ற நிமிடத்திலேயே பிளக்கில் பொறி வருகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். பொறி இல்லை, சென்சாரை ஈரத்துணியால் ஆறவைத்ததும் வருகிறது என்றால் அதுதான் ஆள்.

*7. அதுவும் இல்லையென்றால் புகைபோக்கி.* இன்டேக்கில் வேக்குவம் கேஜ் மாட்டி, இன்ஜினை 2,500 ஆர்.பி.எம்.-ல் சற்று நேரம் நிறுத்தினால் முள் நிலையாக நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் வெளியே போகும் வழி அடைத்திருக்கிறது.

ஈ.சி.எம். இந்த வரிசையில் கடைசி. அது கெடாது என்று சொல்லவில்லை. அதற்கு வரும் கரண்டையும் எர்த்தையும்கூட அளக்காமல், நின்றுபோகும் நேரத்தில் எதையுமே பார்க்காமல், 18,000 ரூபாய்க்கு அதன்மேல் தீர்ப்பு எழுதக் கூடாது என்கிறேன்.

இன்ஜின் விளக்கு எரியவில்லையே என்று யாராவது கேட்டால், உங்கள் வண்டி 2005 மாடல் என்று சொல்லுங்கள். ஓ.பி.டி. என்கிற தானே சோதித்துக்கொள்ளும் முறை நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 2010-ல் முதல் கட்டமாகவும், 2013-ல் இரண்டாம் கட்டமாகவும் கட்டாயமானது. உங்கள் வண்டியின் மூளை சில சென்சார்களின் வயர் அறுந்தால் கண்டுபிடிக்கும். பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் அதில் பெரும்பாலும் கிடையாது. அளக்காத ஒன்றைப் பற்றி அது எப்படி விளக்கு எரிக்கும்?

எத்தனால்?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. உங்கள் வண்டியை வடிவமைத்தவர்கள் அதை மனதில் வைத்திருக்கவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் காலப்போக்கில் கெடுக்கும். டேங்க் சுவரில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். லிட்டருக்கு உள்ள சக்தியும் சுத்தப் பெட்ரோலைவிடச் சற்றுக் குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும்.

ஆனால் எத்தனால் நேரடியாக வண்டியை நிறுத்துவதென்றால், 20 நிமிடம் மரத்தடியில் நின்றதும் அது பெட்ரோலிலிருந்து எழுந்து போய்விடாதே. பலவீனமான பம்பையும் அடைத்த ஃபில்டரையும் அது இன்னும் சீக்கிரம் கவிழ்த்திருக்கலாம், அவ்வளவுதான். ஹோஸ்களை மட்டும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் ஒழுகுவது, வண்டி நிற்பதைவிடப் பெரிய ஆபத்து.

பம்ப்தான் என்று முடிவானால்

மோட்டாரை மட்டும் மாற்றலாமா, முழு அசெம்பிளியா என்பது உங்கள் மாடலில் எது கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. எதை மாற்றினாலும் அடியில் இருக்கும் வலை வடிகட்டி, பெட்ரோல் ஃபில்டர், மூடியின் ரப்பர் சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வலையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கறுப்பாக, துருத்தூள் ஒட்டியிருந்தால் டேங்கையும் கழுவாமல் புதுப் பம்ப் போடக் கூடாது.

வேலை தொடங்கும் முன், பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டால் குழாயில் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலை கூடாது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். இதைச் செய்யாத பட்டறையில் டேங்கைத் திறக்க விடாதீர்கள். விலை குறைவு என்று டூப்ளிகேட் பம்ப் வாங்கினால் அடுத்த கோடையில் இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுத வேண்டியிருக்கும். கழற்றிய பழைய சாமான்கள் அனைத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு கேஜை மீண்டும் மாட்டி, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். புது எண் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால்தான் பணம்.

விற்பதா?

92,000 கிலோமீட்டர் ஓடி, தேதி தவறாமல் ஆயில் பார்த்த ஒரு கை வண்டி. ஆர்.சி. செல்லுபடியாகும்வரை, அடித்தளம் துருப்பிடிக்காதவரை, இந்த ஒரு கோளாறுக்காக விற்க மாட்டேன். கோளாறு இன்னதென்று தெரியாமல் விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். வாங்குகிறவரோ ஒரு பம்ப் மாற்றி, நாலு நாளில் நல்ல லாபத்துக்குத் தள்ளிவிடுவார். ஆறாவது, ஏழாவது படியும் தாண்டி, இன்ஜின் கம்ப்ரஷனே குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் அப்போது யோசிப்போம்.

இப்போதைக்கு டேஷ்போர்டு பெட்டியில் ஒரு 40 பக்க நோட்டு வையுங்கள். தேதி, மணி, இடம், டேங்கில் எவ்வளவு, குலுங்கியதா, ஒரேயடியாக அணைந்ததா, பம்ப் சத்தம் கேட்டதா, எத்தனை நிமிடத்தில் எழுந்தது – இத்தனையும் எழுதுங்கள். அடுத்த பட்டறையில் சாவியைக் கொடுக்கும் முன் அந்த நோட்டைக் கொடுங்கள். அவர் அதைப் புரட்டிப் பார்க்காமலேயே என்ன மாற்ற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தால், நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள்.